புகார் கொடுத்தவருக்கு இடைநீக்கம், முதலில் சொன்னவருக்கு வேலைநீக்கம்: ஒரு விடுதி நிகழ்வு ஆய்வு

2018-19 கல்வியாண்டில் தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில் நடந்தது இது. நான் அந்த மாவட்டத்தில் வழக்கறிஞர், இலவச சட்ட உதவிக் குழுவிலும் இருந்தேன். ஊர், பள்ளி, ஆட்கள் யாரும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சிறுவனுக்கு என்ன நடந்தது என்பதை எங்கும் விவரிக்கவில்லை. இந்த ஆய்வுக்கு அது தேவையும் இல்லை. ஒரு நிறுவனத்தில் வேலை செய்பவர், அங்குள்ள பிள்ளைக்குத் தீங்கு நடப்பதாகச் சந்தேகப்பட்டு வெளியே சொன்னால் சட்டம் அவரை எதிலிருந்து காக்கிறது, எதிலிருந்து காக்கவில்லை என்பதுதான் பொருள்.

பின்னணி

ஓர் அறக்கட்டளை நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளி. அதே வளாகத்தில், வெளியூர்ப் பையன்களுக்காக அதே அறக்கட்டளை நடத்தும் விடுதி. பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசிடமிருந்து வங்கிக் கணக்குக்கு வரும். விடுதி ஆட்களுக்கு மாதம் ஐந்தாம் தேதி செயலர் கையால் கவரில் பணம். இந்த வித்தியாசத்தை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் எல்லாமே இதில்தான் போய் நின்றது.

நிகழ்வில் இரண்டு ஊழியர்கள். ஒருவர் ஆறாம் வகுப்பு ஆசிரியை, பதினோரு வருட சர்வீஸ். இன்னொருவர் விடுதியில் ஏழு வருடமாகச் சமைத்துவந்த அம்மா. பிள்ளைகள் எல்லோரும் ஆயாம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு நியமன ஆணை இல்லை, பி.எஃப். இல்லை, பெயர் போட்ட தாள் என்று எதுவுமே இல்லை. சந்தேகத்துக்கு ஆளானவர் விடுதி வார்டன், அறக்கட்டளைச் செயலருக்கு உறவு.

முதலில் கண்டது

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இரவில் பாத்திரம் கழுவும் இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தான், படுக்கப் போக மறுத்தான். ஞாயிறு இரவு ஆயாம்மா அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டபோது, "வார்டன் ரூமுக்கு என்னை அனுப்பாதீங்க ஆயாம்மா" என்றதோடு இன்னும் ஒரு வாக்கியம் சொன்னான். அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

திங்கள் காலை பிரேயருக்கு முன்பே ஆயாம்மா வகுப்பு ஆசிரியையைத் தேடிப் போனார். "டீச்சர், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்க பாத்துக்கங்க. என் பேரு மட்டும் வரவேண்டாம்."

ஆசிரியை பையனிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசினார். துருவவில்லை. அவன் தானாகச் சொன்னதை, அவன் சொன்ன வார்த்தையிலேயே, தேதியும் நேரமும் போட்டு ஒரு நோட்டில் எழுதினார். "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யவில்லை, "உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்றார். விசாரணையில் இந்த நோட்டுப் பக்கம் மிகவும் உதவியது. பிள்ளையை நாலு பேர் நாலு முறை கேட்டிருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பிடித்திருப்பார்.

முதல் நாள் எடுத்த முடிவுகள்

பதினொரு மணிக்கு ஆசிரியை தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்தார். அவர் படித்துவிட்டு மேசை டிராயரில் வைத்தார். "செக்ரட்டரி சென்னையில இருக்கார்மா. புதன்கிழமை வந்துடுவார். அதுக்குள்ள வேற எங்கயும் போகாதீங்க, பையன் பேரும் கெடும், ஸ்கூல் பேரும் கெடும்." கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தவர், பயந்தார்.

மதிய இடைவேளையில் ஆசிரியை எனக்குப் போன் செய்தார். முந்தைய ஆண்டு அவர் பள்ளியில் ஒரு சட்ட விழிப்புணர்வு முகாம் நடத்தியிருந்தேன், என் எண்ணை வைத்திருந்தார். புதன்வரை பொறுக்கலாமா என்பதுதான் கேள்வி.

கூடாது என்றேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012-ன் பிரிவு 19(1)படி, குற்றம் நடந்தது தெரிந்தவரோ நடக்கக்கூடும் என்ற அச்சம் உள்ளவரோ யாராக இருந்தாலும், சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தகவல் தந்தாக வேண்டும். தலைமையாசிரியரிடம் சொல்வது அந்தக் கடமையை முடிக்காது. சொல்லாமல் விட்டால் பிரிவு 21(1)படி ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே உள்ள ஊழியர் செய்த குற்றத்தைச் சொல்லத் தவறும் நிறுவனத் தலைவருக்கு 21(2)படி ஓராண்டுவரை சிறையும் அபராதமும். ஆக, செயலர் வரட்டும் என்று காத்திருந்தால் தலைமையாசிரியரும் மாட்டுவார், ஆசிரியையும் மாட்டுவார்.

"நிரூபிக்க முடியலைன்னா என் மேல கேஸ் வராதா சார்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்காத ஊழியரை நான் இதுவரை பார்த்ததில்லை. நிரூபிப்பது போலீஸ் வேலை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது சிவில் பொறுப்போ குற்றவியல் பொறுப்போ வராது என்று 19(7) சொல்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை தரும் பிரிவு 22, அவமானப்படுத்தவோ மிரட்டவோ பணம் பறிக்கவோ பெயரைக் கெடுக்கவோ வேண்டும் என்றே பொய் சொன்னவருக்குத்தான். சந்தேகம் தவறாகப் போவது பொய்ப் புகார் ஆகாது.

அடுத்து ஆயாம்மா பற்றிக் கேட்டார். அவர் பயப்படுகிறார், பெயர் வேண்டாம் என்கிறார், என்ன செய்வது? "சரி, அவரை விட்டுவிடுங்கள். பையன் உங்களிடமே நேரடியாகச் சொல்லியிருக்கிறான், அது போதும்" என்றேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன். இந்த நிகழ்வில் நான் செய்த பெரிய தவறு அதுதான்.

காவல் நிலையத்தில்

மாலை ஐந்து மணிக்குள் ஆசிரியை அனைத்து மகளிர் காவல் நிலையம் போய்விட்டார். முதல் தடங்கல்: "பையன் கேஸா? இங்கயா?" போக்சோவில் 18 வயதுக்கு உட்பட்ட ஆணும் பெண்ணும் குழந்தைதான் என்பது அங்கிருந்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை, எழுத்து வேலையைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். இரண்டாவது தடங்கல்: "அம்மா அப்பா வந்து எழுதிக் கொடுக்கட்டும்." நான் போனில் அந்த உதவி ஆய்வாளரிடம் பேசினேன். தகவல் தர யாருக்கும் உரிமை உண்டு என்பதையும், வந்த தகவலைப் பதிவு செய்யாமல் விடுவதும் அதே பிரிவு 21-ல் குற்றம் என்பதையும் மரியாதையாகவே சொன்னேன். அன்று இரவு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்ததற்குக் காவல் நிலையம் தரும் சான்று, கிடைத்தது. மறுநாள் காலை பையனின் அம்மா வந்தார், ஆசிரியையின் புகாரிலேயே எஃப்.ஐ.ஆர். பதிவானது.

அதன்பின் காவல்துறை ஒழுங்காகவே நடந்துகொண்டது. குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தார்கள். பையனின் வாக்குமூலத்தை வீட்டில் வைத்து, சீருடை இல்லாமல் வந்த பெண் அதிகாரி எடுத்தார். வார்டன் கைதானார்.

ஆசிரியை செய்த இன்னொரு காரியத்தையும் குறிப்பிட வேண்டும். ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்று இரவு முழுக்க இதே பேச்சு. இவர் ஒரு வரிகூட எழுதவில்லை. பிள்ளையின் அடையாளம் வெளியே போனால் அதுவே தனிக் குற்றம் ஆகும். நிர்வாகம் பிறகு அவர்மேல் என்னென்னவோ சொல்லிப் பார்த்தது, இதை மட்டும் சொல்ல முடியவில்லை.

நிர்வாகம் திருப்பி அடித்தது

புதன்கிழமை செயலர் ஊர் திரும்பினார்.

வியாழன் காலை ஆயாம்மாவிடம், "நாளைலேர்ந்து வரவேண்டாம்" என்றார்கள். கடிதம் இல்லை, காரணம் இல்லை. அந்த மாதக் கவரும் இல்லை. பையன் ஞாயிறு இரவு யாரோடு உட்கார்ந்திருந்தான் என்று மற்ற பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டார்கள். புகாரில் பெயர் போடாமல் விட்டது நிர்வாகத்திடமிருந்து அவரை மறைக்கவே இல்லை.

அடுத்த திங்கள், அதாவது எட்டாம் நாள், ஆசிரியைக்கு இடைநீக்க ஆணை. காரணம்: "மேலதிகாரியின் அனுமதியின்றி வெளியாரிடம் சென்று பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தது". மூன்றாவது வாரம் மானநஷ்ட நோட்டீஸ், பத்து லட்சம் கேட்டு.

நோட்டீஸுக்கு ஒரே பக்கத்தில் பதில் அனுப்பினேன். 19(7)-ஐ எடுத்து எழுதி, எஃப்.ஐ.ஆர். எண்ணைக் குறிப்பிட்டு, வழக்குப் போடுவதானால் போடலாம் என்றேன். போடவில்லை. இந்த இடத்தில் சட்டத்தின் கவசம் முழுதாக வேலை செய்தது.

இடைநீக்கத்துக்கு அந்தக் கவசம் நேராகப் பொருந்தவில்லை. 19(7) பேசுவது வழக்குப் பொறுப்பைப் பற்றி. தகவல் சொன்ன ஊழியரை முதலாளி வேலையைவிட்டு நிறுத்தக்கூடாது, இடம் மாற்றக்கூடாது, சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது என்று ஒரு வரி போக்சோவில் கிடையாது. பலரும் சொல்லும் 2014-ன் தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்களின் ஊழலைப் பற்றியது. அதையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியதோடு சரி, நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. அயர்லாந்தில் 1998-லேயே இதற்கென்று ஒரு தனிச் சட்டம் வந்துவிட்டது. நியாயமாகவும் நல்லெண்ணத்தோடும் குழந்தைத் துன்புறுத்தலைத் தெரிவித்த ஊழியரை முதலாளி தண்டிக்கக்கூடாது என்று அது நேரடியாகச் சொல்கிறது. நம்மிடம் சொல்லவேண்டிய கடமைக்குச் சிறைத் தண்டனைவரை இருக்கிறது, சொன்னவரின் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. அதை வேறு சட்டங்களில் தேடிப்பிடித்துத்தான் ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது.

ஆசிரியை: கையில் சட்டம் இருந்தவர்

அவருக்குத் தேடியது கிடைத்தது. அப்போது நடப்பில் இருந்த 1973-ன் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், பிரிவு 22. கல்வித்துறையின் முன் அனுமதி இல்லாமல் ஆசிரியரை நீக்க முடியாது. கடுமையான ஒழுங்கீனம் பற்றி விசாரணை நடத்த எண்ணியிருந்தால் மட்டுமே இடைநீக்கம். அதுவும் இரண்டு மாதம். அதற்குள் விசாரணை முடியாமலும், காரணம் எழுதி அதிகாரி நீட்டிக்காமலும் இருந்தால் ஆசிரியர் தானாகவே பணிக்குத் திரும்பியதாகக் கருத வேண்டும்.

மாவட்டக் கல்வி அலுவலருக்கு இரண்டு கடிதம் எழுதினோம். முதல் கடிதம் இடைநீக்கம் வந்த மூன்றாம் நாள்: சட்டப்படி காவல்துறையிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒன்றைச் சொன்னது எப்படி ஒழுங்கீனம் ஆகும்? சட்டம் கட்டளையிட்டதைச் செய்ய யாருடைய அனுமதி வேண்டும்? இணைப்பில் சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர்., தலைமையாசிரியருக்குக் கொடுத்த கடிதத்தின் நகல். அந்த நகலில் அலுவலக முத்திரை இருந்தது. தலைமையாசிரியர் வாங்கி டிராயரில் வைத்த பிறகு ஆசிரியை கிளார்க்கிடம் போய் இரண்டாவது பிரதியில் முத்திரை வாங்கியிருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "எதைக் கொடுத்தாலும் சீல் வாங்கிக்கணும்னு எங்கப்பா சொல்வார்" என்றார். அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவராம்.

இரண்டு மாதம் ஓடியது. நீட்டிப்பு வரவில்லை. அறுபத்தி இரண்டாம் நாள் அவர் பள்ளிக்குப் போனார், வருகைப் பதிவேட்டைத் தரவில்லை. வாசலில் நின்றபடியே அன்றைய தேதியிட்டு, "பணிக்கு வந்தேன், கையெழுத்திட அனுமதிக்கவில்லை" என்று எழுதி பதிவுத் தபாலில் அனுப்பினார். அன்றே இரண்டாவது கடிதமும் கல்வி அலுவலருக்குப் போனது. உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுவுக்குத் தாள்களைத் தயார் செய்துகொண்டிருக்கும்போதே, அவரைப் பணியில் சேர்க்கும்படி அலுவலரின் ஆணை வந்துவிட்டது.

அடுத்த ஆண்டு, அதே அறக்கட்டளையின் இன்னொரு பள்ளிக்கு மாற்றம். தினம் மூன்று மணி நேரம் பஸ் பயணம். பழிவாங்கல் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, ஆணையில் "நிர்வாக நலன்" என்றிருந்தது. எதிர்த்துப் போகலாமா என்று கேட்டேன். "போதும் சார், அங்கயும் பிள்ளைங்கதானே இருக்கு" என்று சேர்ந்துவிட்டார். அதனால் அவர் பகுதியை வெற்றி என்று எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

ஆயாம்மா: கையில் எதுவும் இல்லாதவர்

அவர் என்னைப் பார்க்க வந்ததே பதினொன்றாம் நாள்தான். அன்று போலீஸ் அவர் வாக்குமூலத்தை எடுத்திருந்தது. அதுவரை எந்தத் தாளிலும் அவர் பெயர் இல்லை. வேலை போனது நான்காம் நாள், அவர் சொன்னதாகப் பதிவானது பதினொன்றாம் நாள். நிர்வாகத்துக்கு இந்த ஏழு நாள் வசதியாகப் போயிற்று. அந்தம்மாவுக்கும் போலீஸ் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை, மளிகைச் சாமான் திருடியதால் நிறுத்தினோம், வேலை போன கோபத்தில் அப்புறம்தான் சாட்சி சொல்கிறார் என்று ஒரு கதை கட்டினார்கள். திங்கள் மாலைப் புகாரிலேயே "விடுதிச் சமையலர் எனக்குச் சொன்னார்" என்ற ஒரு வரி இருந்திருந்தால் இந்தக் கதைக்கு இடமே இருந்திருக்காது. அந்த வரியை எடுக்கச் சொன்னவன் நான்.

பள்ளிச் சட்டம் அவருக்கு உதவவில்லை. அவர் விடுதி ஆள், பள்ளி ஊழியர் இல்லை என்றார்கள். ஆனால் அன்றைய தொழில் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. கல்வி நிறுவனம் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரும், ஆனால் ஆசிரியர் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று 1988-ல் சுந்தராம்பாள் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. சமையல் செய்பவர் தொழிலாளிதான். ஆசிரியைக்கு மூடிய கதவு ஆயாம்மாவுக்குத் திறந்திருந்தது. தொழில் தகராறுகள் சட்டம் 1947, பிரிவு 2ஏ-யின் கீழ் சமரச அலுவலரிடம் மனுப் போட்டோம். 45 நாளில் முடியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றத்துக்கே நேராகப் போகலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது.

முதல் அமர்வில் நிர்வாகம், "அவங்க எங்க ஸ்டாஃபே இல்ல, அப்பப்ப வந்துபோற ஆள்" என்றது. இரண்டாவது அமர்வில் திருட்டைக் காட்ட விடுதி மளிகைப் பதிவேட்டைக் கொண்டுவந்தார்கள். வாரா வாரம் சாமான் வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக ஆயாம்மாவின் கைநாட்டு, ஏழு வருடத்துக்கும். சமரச அலுவலர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "வந்துபோற ஆளா?" என்று மட்டும் கேட்டார். வேலை செய்ததற்கு எங்களிடம் இல்லாத சான்றை அவர்களே கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டார்கள்.

அதற்குமேல் அவர்கள் இழுக்கவில்லை. ஆட்குறைப்பு என்று வைத்தாலே ஒரு மாத நோட்டீஸ் சம்பளமும், முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் வீதம் 105 நாள் சம்பளமும் தந்திருக்க வேண்டும். பேசி, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வாங்கினோம். திரும்ப வேலைக்குப் போக ஆயாம்மா விரும்பவில்லை. பணத்தைத் தொடுமுன் அவர் கேட்டது வேறு: திருடவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நிர்வாகம் "நன்னடத்தை" என்று போட்டு ஒரு சான்று தந்தது. அதை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். "திருடலைன்னு எங்க இருக்கு?" என்றார். மறுபடி எழுதி வாங்க ஒரு வாரம் ஆனது.

குற்ற வழக்கின் முடிவு

சிறப்பு நீதிமன்றத்தில் விசாரணை கூடியவரை ஓராண்டுக்குள் முடிய வேண்டும் என்கிறது போக்சோவின் பிரிவு 35. இது அதைத் தாண்டித்தான் போனது. பையன் சாட்சி சொன்னான், ஆயாம்மாவும் ஆசிரியையும் சொன்னார்கள். குறுக்கு விசாரணையில் திருட்டுக் கதை மீண்டும் வந்தது, சான்றிதழைக் காட்டியதும் அடங்கியது. வார்டனுக்குப் போக்சோ பிரிவு 10-ன் கீழ் ஐந்தாண்டு தண்டனை. மேல்முறையீடு செய்தார்.

தலைமையாசிரியர்மீது 21(2) பாயவில்லை, அரசுத் தரப்பு சாட்சியாக்கிவிட்டார்கள். முத்திரை போட்ட அந்தப் பிரதி அவருக்கு எதிராகவும் பேசியிருக்கும், அதைப் பேசவிடவில்லை. 2022 நவம்பரில் மகாராஷ்டிர விடுதி வழக்கு ஒன்றில், சிறுமிகளுக்குச் சிகிச்சை தந்தும் தகவல் சொல்லாத மருத்துவர்மீதான வழக்கை உச்சநீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. அந்தத் தீர்ப்பு அப்போதே இருந்திருந்தால் காவல்துறை அவ்வளவு எளிதாக விட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

இன்று செய்வதானால்

சட்டங்கள் சில மாறிவிட்டன. 1973 சட்டத்தின் இடத்தில் 2018-ன் தனியார் பள்ளிகள் சட்டம் வந்துவிட்டது, தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. பிரிவு எண்களை இந்தக் கட்டுரையிலிருந்து அப்படியே எடுத்து மனு எழுதிவிட வேண்டாம். போக்சோவின் 19, 21, 22 மட்டும் நான் சொன்ன பொருளிலேயே இருக்கின்றன.

முதல் நாளே புகாரில் எல்லோர் பெயரும் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். பயப்படும் ஊழியரிடம், பெயரை மறைத்தால் முதலாளிக்குத் தெரியாமல் போகாது, சட்டத்துக்குத்தான் தெரியாமல் போகும் என்று விளக்குவேன். அப்போதும் அவர் வேண்டாம் என்றால், அவர் சொன்னதைத் தேதி போட்டு எழுதி, கைநாட்டு வாங்கி, குழந்தைகள் நலக் குழுவிடம் தனியாகக் கொடுத்துவைப்பேன். புகார் கொடுத்த மறுநாளே நிர்வாகத்துக்கும் கல்வி அலுவலருக்கும் ஒரு கடிதம்: இன்னார் சட்டக் கடமையைச் செய்திருக்கிறார், அவர்மேல் நடவடிக்கை எதுவும் எடுப்பதானால் அது இந்தப் பின்னணியில்தான் பார்க்கப்படும். அந்தக் கடிதத்துக்குச் சட்டப் பிரிவு எதுவும் ஆதாரம் கிடையாது. ஆனால் வியாழக்கிழமை செயலர் ஆயாம்மாவைக் கூப்பிடுவதற்கு முன் அது அவர் மேசையில் இருந்திருக்கும்.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உண்டு. இதை முகாம்களில் ஆசிரியர்களிடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சமையல் கட்டுக்கும் போய்ச் சொல்கிறேன்.